சாப்பு யாருடையது என்று பார், தம்பி

போன மாதம் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியது சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம் உறவுக்காரரின் நம்பர். படமும் இல்லை, பி.டி.எஃப்-பும் இல்லை, பெயரின் வாலில் ஏ.பி.கே. அம்மா அழுத்தியும் விட்டார். ‘தெரியாத இடத்து ஆப்பை ஏற்றவா?’ என்று போன் கேட்டபோது கண்ணாடி கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி மட்டும் மேசையில் இருந்திருந்தால், பேங்க் அனுப்பும் டேக் நம்பரெல்லாம் வேறு எவனோ படித்திருப்பான். உறவுக்காரரின் போன் ஏற்கெனவே மாட்டியிருந்தது. அவருக்கே தெரியாமல் அது எல்லாருக்கும் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு, பெயரைப் பார்த்து நம்பக் கூடாது என்று விளக்க எனக்குப் பால் ஸ்டோர்தான் கைகொடுத்தது. வாளியில் எல்லாப் பாலும் வெள்ளைதான். தண்ணீர் கலந்ததா என்று மெட்ரோலேக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. உனக்கு லேப்டாப் இருப்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

விண்டோஸில் எதை இறக்கினாலும் உடனே திறக்காதே. ஃபைல் மேல் வலது க்ளிக், புராபர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். வி.எல்.சி என்றால் அங்கே வீடியோலேன் என்ற பெயர் இருக்க வேண்டும். லிப்ரே ஆஃபீஸ் என்றால் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். பெயரைப் பார்த்ததோடு விடாமல் டீடெயில்ஸை அழுத்தி, கையொப்பம் ஓகே என்று வருகிறதா பார். செய்தவர் தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் குத்திய சாப்பு அது. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் சாப்பு ஒட்டாது.

சாப்பு இல்லாததெல்லாம் திருட்டுச் சரக்கும் இல்லை. செவன்-ஸிப் நெடுங்காலம் கையொப்பம் இல்லாமலேதான் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஹேஷ் உதவும். எஸ்.எச்.ஏ-256 என்பது எவ்வளவு பெரிய ஃபைலையும் 64 எழுத்தாகச் சுருக்கும் கணக்கு. செவன்-ஸிப் போட்டிருந்தால் வலது க்ளிக்கிலேயே அது வரும். செய்தவர் கொடுத்த 64-உம் உன்னுடைய 64-உம் ஒன்றா என்று பார். முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு விடுகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும், முழுசாகப் பார்.

ஹேஷில் ஒரு ஓட்டை உண்டு. 2016 பிப்ரவரி 20-இல் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த ஃபைலுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். ஃபைலை மாற்றத் தெரிந்தவனுக்கு அதே பக்கத்தில் இருக்கும் ஹேஷையும் மாற்றத் தெரியாதா? நிறுப்பவனே கணக்கும் எழுதினால் யார் கேட்பது? கையொப்பத்தில் அது நடக்காது, ரகசியச் சாவி அந்தத் தளத்தில் இல்லாதவரை. லினக்ஸ்காரர்கள் ஜி.பி.ஜி என்ற கையொப்பக் கருவி வைத்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

கையொப்பத்தையும் கும்பிட்டுவிடாதே. 2017-இல் சி-கிளீனர் 5.33 சரியான சாப்போடுதான் வந்தது; கிருமி உள்ளேயே இருந்தது. நிறுவனத்துக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தான். யார் கொடுத்தது என்பதைத்தான் சாப்பு சொல்லும். அவர் வீட்டில் திருடன் இருக்கிறானா என்று அதற்குத் தெரியாது.

இப்போது போன். ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும் கையொப்பம் இல்லாமல் ஏறாது. ஆனால் யாரும் தானே ஒரு சாவி செய்துகொள்ளலாம், அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரனும்தான். போன் ஒன்றை மட்டும் கறாராகப் பார்க்கும்: பழைய ஆப்பின் மேல் புதியது ஏற வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே சாவி வேண்டும். அதனால், ‘அப்டேட் ஏறவில்லையா, பழையதை அழித்துவிட்டுப் போடுங்கள்’ என்று எவனாவது சொன்னால் அங்கேயே நிறுத்து. அழித்த நிமிடம், உன் போனிடம் இருந்த ஒரே சாட்சியையும் நீயே அனுப்பிவிடுகிறாய்.

தமிழ் விசைப்பலகை விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. நீ அடிக்கும் பாஸ்வேர்டு முதல் காதல் கடிதம் வரை எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. முத்து நெடுமாறனின் செல்லினம் நம் நாட்டுச் சரக்கு. 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர் அவர். அதையும் பிளே ஸ்டோரில், முரசு என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். நண்பன் வாட்ஸ்அப்பில் தள்ளியது வேண்டாம்.

மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காராதே. வைஃபை, டேட்டா இரண்டையும் அணை. வேறு போனிலிருந்து உன் பேங்குக்கோ, மோசடிப் புகாருக்கான 997-க்கோ உடனே அடி. ஆப்பை அழிப்பதெல்லாம் பிறகு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும்.

அம்மா இப்போது பத்திரிகை வந்தால் எனக்குப் போன் போடுகிறார். ‘ஏ.பி.கே-வா, பி.டி.எஃப்-பா, பார்த்துச் சொல்லு.’ கல்யாணம் யாருக்கு என்பதை அப்புறம்தான் பேசுகிறார்.