தொட்டால் போகும் பெட்டி

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை போகும் நெடுஞ்சாலையின் குறுக்கே 1956 நவம்பர் 1ஆம் தேதி ஒரு ராஜ்ய எல்லை விழுந்ததாயினும், பழைய வண்டிகளைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு அந்த எல்லை இன்றளவும் தட்டுப்பட்டதில்லை. கே.எல். 19 என்ற பாறசாலை எண்ணும் டி.என். 75 என்ற மார்த்தாண்டம் எண்ணும் தாங்கிய வண்டிகள் ஒரே ஒர்க்ஷாப்பின் முற்றத்தில் அடுத்தடுத்து நிற்க, இரண்டின் சொந்தக்காரர்களுக்கும் ஒரே உபதேசம், ஒருவருக்குத் தமிழிலும் மற்றவருக்கு மலையாளத்திலுமாக அருளப்படுவதைக் கேட்டிருக்கிறேன்: “அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில ஆயிலைத் தொடப்பிடாது, தொட்டா போயிரும்.”

அவ்வாறு உபதேசம் பெற்றவர்களில் என் அயல்வீட்டுக்காரர் ஒருவர். பதினான்கு வருஷம் ஓடிய பெரிய ஆட்டோமேட்டிக் வண்டியொன்றை மலிவாக வாங்கி, பின்னிருக்கைகளை மடக்கி, தம் தோட்டத்து ஏத்தன் வாழைக்குலைகளை அடைத்துக்கொண்டு நாள்தோறும் சந்தைக்குப் போய்வருபவர். சில மாதங்களாக மேட்டில் எஞ்சின் மட்டும் வீறிட்டு அலற, வண்டியோ யோசித்து யோசித்து ஏறத் தொடங்கியிருந்தது. பெட்டி ‘ஸ்லிப்’ ஆகிறது, புதுப் பெட்டிதான் கதி என்று மூன்று பேர் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். மூவரில் ஒருவரும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை.

எண்ணெயை மாற்றிய மறுவாரம் பெட்டி நின்றுபோயிற்று என்று சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பொய்யல்ல. அவற்றில் காட்டப்படும் காரணகாரிய சம்பந்தம்தான் பிழை. பத்து வருஷம் எண்ணெயை நினைத்தும் பாராதவர், கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு கருகி உதிர்ந்து, வண்டி நகர மறுக்கும் தறுவாயில் பதறிப்போய் எண்ணெயை மாற்றுகிறார். முன்பே முடிந்துபோன பெட்டி தன் பிராணனை விடுவதற்கு அந்த முகூர்த்தத்தைத் தேர்ந்துகொள்கிறது. பழி புது எண்ணெயின் தலையில் விழுகிறது. யந்திரத்தை வைத்து அழுத்தத்தோடு உள்ளே பாய்ச்சிக் கழுவும் முறையால், அடியில் படிந்து கிடந்த கசடு கிளம்பி நுண்ணிய வால்வுத் துவாரங்களை அடைக்கக்கூடும் என்பது வாஸ்தவம். அதற்காக எண்ணெயையே தொடாதிருப்பது, எண்ணெய்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்று குளிப்பதையே விட்டுவிடுவது போன்றது. வடிகால் திருகைக் கழற்றினால் திரவத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்ற உறுப்பில் தங்கிய எண்ணெய் வெளியே வராமையால் பாதியோ அதற்கும் குறைவோதான் வடியும். வடிந்த அளவு புதிது ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றுவது, பழைய பெட்டிக்குப் பொறுமையான, அபாயம் குறைந்த வழி.

இப்பெட்டியில் எண்ணெய் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி அகலும். 1905இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் திரவத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற முழுத் தானியங்கிப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்றுவரை எஞ்சினின் சக்தியைச் சுமப்பதும், கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், பல்சக்கரங்களுக்கு வழுக்கல் தருவதும், சூட்டை வாங்கிச் செல்வதும் அந்த ஒரே சிவப்பு எண்ணெய்தான். சூடு பத்து டிகிரி ஏறுந்தோறும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. மேடும் பள்ளமுமான இந்த நெடுஞ்சாலையில், முன்னே ஒரு பாறைப்பொடி லாரியும் பின்னே ஒரு பஸ்ஸுமாக, நகர்ந்தும் நின்றும் போகும் வண்டிக்குள் சூடு ஏறாமல் வேறு என்ன செய்யும்? 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அமரவிளையின் வரிச் சாவடி வரிசை ஒழிந்தது, நெரிசல் ஒழியவில்லை.

‘ஆயுள் முழுதுக்கும் போதுமான எண்ணெய்’ என்ற வாசகத்தை நம்புவோரும் உளர். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்பதில்லை. பல கம்பெனிகளுக்குப் பெட்டி செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இஸட்.எஃப். நிறுவனமே, தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்கொருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறது. சிவப்பாயிருந்தால் எதுவும் ஆகும் என்பது இன்னொரு பிரமை. சிவப்பு வெறும் சாயம். உராய்வுக் குணம் பெட்டிக்குப் பெட்டி வேறாகையால், கையேட்டில் குறித்த தரத்தைத்தான் ஊற்ற வேண்டும். (அந்த உராய்வுக் குணத்திற்காக அமெரிக்காவில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயைச் சேர்த்து வந்தார்கள், 1970களின் தொடக்கத்தில் அது தடைசெய்யப்பட்டதும் மாற்றுத் தேடி வெகுவாய்த் திண்டாடினார்கள்.)

வழியில் நின்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பதும், நியூட்ரலில் போட்டு ஜீப்பில் கட்டி இழுக்கலாம் என்பதும் பழைய கியர் வண்டிகளின் வழக்கம். ஆட்டோமேட்டிக்கிலோ எண்ணெயைச் செலுத்தும் பம்ப்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்க, ஓட்டுச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால் பெட்டியின் உள்ளுறுப்புகள் வறட்சியில் தேய்கின்றன. ஒர்க்ஷாப் வரை நன்றாயிருந்த பெட்டி ஒர்க்ஷாப் வாசலில் பாழாவது இப்படித்தான். 2014இல் மாருதி செலேரியோவோடு இந்நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகள் வேறு ஜாதி: அவற்றில் சாதாரண கிளட்ச் தட்டே உண்டு, பெடலை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே ‘ஸ்லிப்’ என்றால் தட்டை மாற்றினால் போதும்.

மழைக்காலத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். எண்ணெய் இளஞ்சிவப்புப் பால் போலாகிவிட்டால், ரேடியேட்டருக்குள்ளிருக்கும் எண்ணெய்க் குழாய் பிளந்தோ வெள்ளத்திலிருந்தோ தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். தட்டுகளின் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைத் தண்ணீர் தளர்த்திவிடுமாகையால் அந்த வண்டியை ஒரு பர்லாங்கும் ஓட்டலாகாது. எண்ணெய் கறுத்து, கருகல் வாடையோடு துகள்கள் மின்னினால், பெட்டியைத் திறந்தே தீர வேண்டும். அப்போது கூலரையும் குழாய்களையும் கழுவாமல் புதுத் தட்டுகளைப் போட்டால், பழைய துகள் புதுப் பெட்டிக்குள் திரும்பிவந்துவிடும்.

அயல்வீட்டு வண்டிக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பின் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளை முண்டின் ஓரத்தில் துடைத்துப் பார்த்தோம்: நிறம் பழுப்பு, வாடை சாதாரணம், அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே. பின்புறத்து சீல் ஒன்று கசிந்திருந்தது. சீலை மாற்றி, மூன்று தவணையாக எண்ணெயை வடித்து ஊற்றியதில், மேட்டில் அலறல் நின்றது. கொல்லத்துக்காரர் ஒருவரிடம் புதுப் பெட்டிக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸை மட்டும் அயல்வீட்டுக்காரரால் இன்னும் திரும்ப வாங்க முடியவில்லை.