கடைசிப் பந்தியில் உட்காருபவர்களுக்கு

அரியலூர் மாவட்டத்தில் நம் தா.பழூர், சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது செல்போனிலேயே டீமேட் கணக்கு திறந்துவிடுகிறார்கள். சிமென்ட் ஆலை வேலைக்குப் போகிறவர்கள், கும்பகோணத்தில் படிக்கிறவர்கள், அறுவடைப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தவர்கள் என்று பலரும் கேட்பது இதைத்தான்: "பெரியப்பா, ஓஎன்ஜிசி வாங்கலாமா, என்எல்சி வாங்கலாமா?" வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதில்லை. இந்தப் பங்குகளைப் பல வருடமாக வைத்திருப்பவன் என்ற முறையில், பணம் போடுமுன் தெரிந்திருக்க வேண்டியதை எழுதித் தருகிறேன்.

1. கம்பெனியின் லாபத்தைப் பார்க்குமுன் முதலாளி யார் என்று பாருங்கள். எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற ஓஎன்ஜிசியில் பாதிக்கு மேல் மத்திய அரசின் கையில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற என்எல்சியில் 70 சதவீதத்துக்கு மேல். இந்தியன் ஆயிலிலும் பாதியைத் தாண்டும். அந்த முதலாளிக்கு பட்ஜெட் பற்றாக்குறை உண்டு, தேர்தல் உண்டு, கூட்டணிக் கட்சிகள் உண்டு. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் முதல் பந்தியில் உட்காருகிற மாதிரி டெல்லி முதலில் சாப்பிடும். அடுத்து மாநில அரசு, பிறகு பெட்ரோல் போடும் பொதுமக்கள். நமக்குக் கடைசிப் பந்திதான். சில வருடம் அதிலும் பாயசம் கிடைக்கும்; சில வருடம் ரசத்தோடு சரி.

2. டெல்லிக்குப் பணமுடை வரும்போது அது யார் பையில் கைவைக்கும் என்று கவனியுங்கள். 2018 ஜனவரியில் ஓஎன்ஜிசி, பெட்ரோல் விற்கிற எச்பிசிஎல் நிறுவனத்தில் அரசுக்கு இருந்த 51 சதவீதப் பங்கை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அரசின் பங்கு விற்பனை இலக்கு அந்த வருடம் நிறைவேறியது. கையில் ரொக்கத்தோடு நிம்மதியாக இருந்த ஓஎன்ஜிசி கடன்காரக் கம்பெனி ஆனது. அதற்கு முந்தைய வருடம்தான் குஜராத் மாநில அரசு நிறுவனமான ஜிஎஸ்பிசியிடமிருந்து கிருஷ்ணா–கோதாவரி படுகை எரிவாயு வயலில் 80 சதவீதத்தை 7,738 கோடி கொடுத்து வாங்கியிருந்தது. இரண்டிலும் சிறு பங்குதாரரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

2022 ஜூலை 1 இன்னொரு பாடம். உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறி ஓஎன்ஜிசிக்கு நல்ல காலம் பிறந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி போட்டார்கள். பங்கு அன்றைக்கே விழுந்தது. பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வரி ஏறி இறங்கி, 2024 டிசம்பரில்தான் ஒழிந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறுவதால் மட்டும் நம் பங்கு ஏறிவிடாது.

3. பெட்ரோல் பங்க் விலைப் பலகையைத் தேர்தல் அட்டவணையோடு சேர்த்துப் படியுங்கள். தினசரி விலை மாற்றம் என்பது ஏட்டளவில் உண்டு. ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, விலை அசையவே இல்லை. கச்சா எண்ணெய் அதற்குள் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. பிறகு இரண்டு வாரம் மளமளவென்று ஏற்றினார்கள். ஏப்ரல் 6க்குப் பிறகு மறுபடியும் கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டன. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் எச்பிசிஎல்லுக்கு மட்டும் 10,000 கோடிக்கு மேல் நஷ்டம். அடுத்து கம்பெனிகள் விலையை மாற்றியது 2024 மார்ச்சில், இரண்டு ரூபாய் குறைத்து. அந்த வாரமே மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.

நஷ்டத்தை ஈடுகட்டுவோம் என்ற வாக்குறுதியையும் பட்ஜெட்டில் தேடிப் பாருங்கள். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் எண்ணெய் விற்பனைக் கம்பெனிகளுக்கு 30,000 கோடி மூலதன உதவி என்று இருந்தது. பிறகு அதைப் பாதியாக்கினார்கள். அறிவிப்பை நம்பி வாங்கியவர்கள் திருத்திய மதிப்பீட்டைப் படிக்கவில்லை.

4. எண்ணெய் எடுக்கிற கம்பெனி வேறு, எண்ணெய் விற்கிற கம்பெனி வேறு. கச்சா விலை ஏறினால் முதலாவதற்கு வரவு, இரண்டாவதற்குச் செலவு. இரண்டையும் 'ஆயில் பங்கு' என்று ஒரே பெயரில் வாங்காதீர்கள்.

5. டெல்லிக்கும் மாநிலத்துக்கும் நடக்கிற வழக்கு நம் லாபத்தில்தான் கழியும். மானியச் சுமைக்காக ஓஎன்ஜிசி தன் கச்சா எண்ணெயைத் தள்ளுபடியில் விற்ற காலம் ஒன்று இருந்தது. ராயல்டியைத் தள்ளுபடி விலையில் கணக்கிட்டதால் எங்களுக்கு நஷ்டம் என்று குஜராத் வழக்குத் தொடுத்தது. 2013இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் முழு விலைக்கே ராயல்டி கொடு என்றது. உச்ச நீதிமன்றமும் 2014 பிப்ரவரி முதல் அப்படியே கொடுக்கச் சொன்னது. விலையைக் குறைத்தது டெல்லி, முழு விலைக்கு ராயல்டி கேட்டது மாநிலம். நடுவில் கொடுத்தது கம்பெனி.

நம் மாநிலக் கதை என்எல்சியுடையது. 2006இல் அதன் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கூட்டணியில் இருந்த திமுக எதிர்த்தது. நாடு முழுவதும் பங்கு விற்பனையையே பிரதமர் மன்மோகன் சிங் நிறுத்திவைத்தார். 2013இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிக்காகப் பங்கு விற்றே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா, வெளியாருக்கு விற்காதே, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார். தமிழக அரசு நிறுவனங்கள் சேர்ந்து 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடிக்கு வாங்கின. இரண்டு முறையும் நடந்ததைத் தீர்மானித்தது நிலக்கரியும் மின்சாரமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. அயல்நாட்டில் இதைவிட மோசம். ஈராக்கில் குர்திஸ்தான் பகுதி தன் எண்ணெயைத் தானே துருக்கி வழியாக விற்றது. அது எங்கள் உரிமை என்று பாக்தாத் சொன்னது. 2014இல் குர்திஸ்தானின் பட்ஜெட் பங்கை நிறுத்தியது. 2023 மார்ச்சில் பாரிஸ் நடுவர் மன்றத் தீர்ப்பு பாக்தாத்துக்குச் சாதகமாக வர, துருக்கி குழாயை மூடிவிட்டது. அங்கே எண்ணெய் எடுத்த கல்ஃப் கீஸ்டோன், ஜெனல், டிஎன்ஓ போன்ற கம்பெனிகளின் பங்கை லண்டனிலும் ஆஸ்லோவிலும் வாங்கிவைத்திருந்த சாதாரண ஆட்கள் கையைப் பிசைந்தார்கள். கிணறும் எண்ணெயும் இருந்த இடத்திலேயே இருந்தன. குழாய் திறக்க 2025 செப்டம்பர் ஆயிற்று. துபாயில் வேலை பார்க்கிற தம்பிகள் செயலி வழியாக அயல்நாட்டுப் பங்கு வாங்குகிறோம் என்று சொல்வதால் இதைச் சொல்கிறேன்.

7. நம் மண்ணுக்கு வருவோம். இதில் நாம் பங்குதாரர் மட்டும் இல்லை, நிலத்துக்காரரும்கூட.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் என்றால் உங்கள் அப்பாக்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் நிலம் எடுத்தார்கள், இழப்பீட்டு வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன, ஒரு டன்கூட வெட்டவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தை உரியவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது என்று மாநில அரசு முடிவெடுத்தது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகையோடு கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களைச் சேர்த்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில், பொன்னாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற நம்மைச் சேர்க்கவில்லை. மதனத்தூர் பாலத்தைத் தாண்டினால் டெல்டா, இந்தப் பக்கம் டெல்டா இல்லை என்று ஆயிற்று. 2021இல் அரியலூர் மாவட்டத்தில் பத்து, கடலூரில் ஐந்து ஆய்வுக் கிணறு தோண்ட ஓஎன்ஜிசி கேட்ட அனுமதியை மாநிலம் மறுத்தது. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சக ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவற்றோடு நம் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இருந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 8 அன்று மூன்றையும் நீக்கிவிட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் ஒரு சுரங்கம் காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே முடிந்தது.

ஆகவே 'புதிய வயல் கிடைத்தது', 'புதிய சுரங்கம் வருகிறது' என்ற செய்திக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மண்ணுக்கு அடியில் இருப்பது லாபக் கணக்கில் ஏற நடுவில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று நம் ஊர்க்காரனைவிட யாருக்குத் தெரியும்? சுரங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர் என்எல்சி பங்கு வைத்திருக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டான். வைத்திருக்கலாம். ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட பயிரில் என்எல்சியின் இயந்திரம் இறங்கிய படத்தைப் பார்த்துவிட்டும் தூக்கம் வருகிறதா என்று அவனேதான் முடிவுசெய்ய வேண்டும். இதற்கு என்னிடம் விதி கிடையாது.

8. மின்சாரம் விற்கிற கம்பெனி என்றால் 'வரவேண்டிய பாக்கி' என்ற வரியை முதலில் படியுங்கள். தமிழகத்தில் மின்கட்டணம் 2014க்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மின்வாரியம் மின்சாரம் வாங்கிய இடங்களிலெல்லாம் பாக்கி வைத்தது. 2022 ஆகஸ்டில் பாக்கிக்காக மின்சந்தையில் வாங்கத் தடைவிதிக்கப்பட்ட 13 மாநிலங்களில் நம் மாநிலமும் ஒன்று. நம் வயல் மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரத்துக்கான மானியத்தை மாநில பட்ஜெட் தாமதித்தால் வாரியம் தாமதிக்கும், வாரியம் தாமதித்தால் உற்பத்திக் கம்பெனியின் பணம் முடங்கும். ஒரே ஆள் ஒரு கையால் இலவச மின்சாரம் வாங்கி, மறு கையால் பங்குப் பணத்துக்குக் காத்திருக்கிறான்.

9. மாநிலங்களின் புது வரியை மறக்கவேண்டாம். ராயல்டி என்பது வரி ஆகாது, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த டிசம்பரிலேயே தமிழகம் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். அரியலூர் சிமென்ட் பங்கு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். பழுப்பு நிலக்கரியும் அந்தப் பட்டியலில் உண்டு.

10. டிவிடெண்டுக்காக வாங்குவது தப்பில்லை. லாபத்தில் 30 சதவீதமோ நிகர மதிப்பில் 4 சதவீதமோ, எது அதிகமோ அதைக் கொடு என்று மத்திய அரசே பொதுத்துறை நிறுவனங்களுக்கு விதி வைத்திருக்கிறது. தனக்குப் பணம் வேண்டும் என்பதற்காக. அந்தச் சாக்கில் நமக்கும் வருகிறது. நகையை அடகு வைத்தோ சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்தோ மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். பயிர்க்கடன் தவணை தேதிக்கு வரும், டிவிடெண்ட் வராது.

11. பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட், அடுத்து மாநில பட்ஜெட்; இரண்டையும் படியுங்கள். டெலிகிராம் குழுவில் யாராவது ஓஎன்ஜிசிக்கு இத்தனை ரூபாய் இலக்கு என்று எழுதினால், எண்ணெய் கம்பெனி மானியத்துக்கு இந்த வருடத் திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு என்று அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்.