கதைக்காக ஒரு மொழி

2021ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகளின் தொடக்க விழா நடைபெற்றது. கொவிட்-19 நோய்ப்பரவல் காரணமாக அரங்கில் பொதுமக்கள் இல்லை. ஒவ்வொரு நாட்டின் விளையாட்டாளர்களும் கொடியேந்தி அணிவகுத்து வந்தபோது இசை முழங்கியது. அந்த இசை ஜப்பானியக் காணொளி விளையாட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டது. முதலில் ஒலித்தது 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் தொடக்க இசை. அதன்பின் 'ஃபைனல் ஃபேன்டசி' முதலிய பல விளையாட்டுகளின் இசையும் ஒலித்தது.

உலகமே உற்றுநோக்கும் ஒரு நாளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஜப்பான் இந்த இசையைத் தேர்ந்தெடுத்தது. அந்த இசையை அறிந்த ரசிகர்கள் பல நாடுகளிலும் இருந்தனர். ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட கதைகள், அம்மொழி தெரியாத மக்களிடம் எப்படிச் சென்று சேர்ந்தன? விளையாட்டு நிறுவனங்களின் முயற்சி அதற்கு ஒரு காரணம். ரசிகர்களின் உழைப்பு மற்றொரு காரணம்.

விளையாட்டா, வாசிப்பா?

நாடகத்தில் பாகமேற்று நடிப்பதைப் போல, ஒரு கதைமாந்தராக மாறி விளையாடுவது பாகமேற்பு விளையாட்டு எனப்படும். இவ்வகை விளையாட்டில் வேகமாக விரலை அசைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேச வேண்டும். அவர்கள் கூறும் குறிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதையில் செல்வது, யாரைத் துணையாகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு கதையை முடிக்கப் பல மணி நேரம் ஆகும். திரையில் தோன்றும் உரையாடல்களைப் படித்துப் புரிந்துகொள்ளாதவர் வழி தெரியாமல் நின்றுவிடுவார். எனவே, இதை விளையாடுவது ஒரு நாவலைப் படிப்பதற்கு ஒப்பானது.

இவ்வகை விளையாட்டு அமெரிக்காவில் தோன்றியது. 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய கணினி விளையாட்டுகள் 1980களின் தொடக்கத்தில் அங்குப் புகழ்பெற்றிருந்தன. அவற்றின் ரசிகர்களுள் ஒருவர் ஜப்பானியரான யூஜி ஹோரி. ஆங்கிலத்தில் இருந்த அந்த விளையாட்டுகள் கடினமானவை. புதியவர்களை எளிதில் உள்ளே விடாதவை. அவற்றின் சுவையைத் தம் நாட்டுச் சிறுவர்களும் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். கதையை ஹோரி எழுதினார். 'டிராகன் பால்' சித்திரக்கதையின் ஆசிரியர் அகிரா தோரியாமா கதைமாந்தர்களை வரைந்தார். இசையமைத்தவர் கோய்ச்சி சுகியாமா. 1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவிக்காக 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. ஆக, ஜப்பானிய பாகமேற்பு விளையாட்டின் வரலாறே பிறமொழி விளையாட்டை நேசித்த ஒரு ரசிகரின் முயற்சியில் வளர்ந்ததுதான்.

இருபது எழுத்துகள்

முதல் 'டிராகன் குவெஸ்ட்' முழுவதும் 64 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சிறிய இடத்துக்குள் படம், இசை, கதை, எழுத்து அனைத்தையும் அடக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் நினைவகத்தில் இடம்பிடித்தது. எனவே, பெயர்களை எழுதப் பயன்படும் 'கதக்கானா' எழுத்துகளில் ஏறத்தாழ இருபதை மட்டும் பயன்படுத்துவது என்று உருவாக்கியவர்கள் முடிவு செய்தனர். அரக்கர்களின் பெயர்களையும் மந்திரங்களின் பெயர்களையும் அந்த எழுத்துகளுக்குள் அடங்குமாறு படைத்தனர்.

நம் 247 எழுத்துகளில் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதையின் பெயர்கள் அனைத்தையும் எழுதச் சொன்னால் என்ன செய்வோம்? சொல் வளம் குறையும்போது கற்பனை வளம் கைகொடுக்கும் என்பதற்கு அந்த விளையாட்டு ஒரு சான்று.

விளையாடுபவர்களுக்கும் எழுத்துகளால் ஒரு சோதனை இருந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால், அதுவரை அடைந்த நிலையைச் சேமிக்கும் வசதி அக்கருவியில் இல்லை. அதற்குப் பதிலாக இருபது எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரம் திரையில் தோன்றும். அதைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த முறை அப்படியே உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. தமிழில் 'ர'வும் துணைக்காலும் குழப்பம் தருவதைப் போல ஜப்பானிய மொழியிலும் சில எழுத்துகள் ஒன்றுபோலத் தோன்றும். ஓர் எழுத்து தவறினாலும் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். அதனால், சிறுவர்கள் எழுத்தை நிறுத்தி, நிதானித்து, சரிபார்த்து எழுதப் பழகினர்.

பரவிய வதந்தி

மூன்றாம் பாகம் 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் வெளிவந்தது. அது ஒரு புதன்கிழமை. கடைகளின் முன் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. முதல் நாளிலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. பள்ளிக்குச் செல்லாமல் வரிசையில் நின்ற மாணவர்கள் பலர் காவல்துறையினரிடம் சிக்கினர்.

இதற்குப் பிறகு, 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை வேலை நாளில் விற்கக் கூடாது என ஜப்பானிய அரசாங்கம் சட்டம் இயற்றியதாக ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. இன்றும் பலர் அதை நம்புகின்றனர். உண்மையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அடுத்த பாகம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. மாணவர்களின் படிப்புக்கு இடையூறு நேராதபடி விடுமுறை நாளில் வெளியிடும் வழக்கத்தை நிறுவனமே பின்பற்றியது. கேட்கச் சுவையாக இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

கடல் கடந்த கதைகள்

ஜப்பானில் இத்தகைய வரவேற்பு இருந்தபோதும், பிற நாடுகளில் இக்கதைகள் எளிதில் கிடைக்கவில்லை. மொழி ஒரு பூட்டாக நின்றது. மொழிபெயர்ப்பதற்குப் பணமும் காலமும் தேவைப்பட்டன. விற்காது என்று கருதிய விளையாட்டுகளை நிறுவனங்கள் மொழிபெயர்க்காமலேயே விட்டுவிட்டன. 'ஃபைனல் ஃபேன்டசி'யின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் அப்போது அமெரிக்காவுக்குச் செல்லவில்லை. அதனால், ஜப்பானில் நான்காம் பாகமாக வந்தது அமெரிக்காவில் இரண்டாம் பாகம் என்ற பெயரில் விற்கப்பட்டது!

மொழிபெயர்க்கப்பட்டவற்றிலும் சிக்கல்கள் இருந்தன. 1994இல் வெளிவந்த ஆறாம் பாகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் டெட் வூல்சிக்கு ஏறத்தாழ 30 நாள் மட்டுமே கொடுக்கப்பட்டது. ஜப்பானிய மொழியில் சில எழுத்துகளில் சொல்லக்கூடியதை ஆங்கிலத்தில் சொல்ல அதிக இடம் வேண்டும். ஆனால், நினைவகத்தில் இடமில்லை. எனவே, பல உரையாடல்களைச் சுருக்க வேண்டியதாயிற்று.

பொருளை மட்டுமன்றி, பேசுபவரின் இயல்பையும் மொழிபெயர்க்க வேண்டும். ஜப்பானிய மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள் உள்ளன. பணிவாகப் பேசுபவர் 'வாத்தாஷி' என்பார். சிறுவன் 'போகு' என்பான். முரட்டுத்தனமாகப் பேசும் இளைஞன் 'ஒரே' என்பான். கதைகளில் வரும் முதியவர் 'வாஷி' என்பார். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ஒரே சொல்தான். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் மறைந்துபோவதை நாம் அறிவோம் அல்லவா? அத்தகைய இழப்பு ஒவ்வோர் உரையாடலிலும் நேரக்கூடும்.

பூட்டைத் திறந்த ரசிகர்கள்

'ஃபைனல் ஃபேன்டசி'யின் ஐந்தாம் பாகம் ஜப்பானில் 1992இல் வெளிவந்தது. அமெரிக்க ரசிகர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தனர். ஆங்கிலப் பதிப்பு வரவில்லை. 1990களின் பிற்பகுதியில், இணையம்வழி ஒன்றுசேர்ந்த ரசிகர் குழு ஒன்று தானே அதை மொழிபெயர்க்க முனைந்தது. சொற்களை மாற்றினால் மட்டும் போதவில்லை. ஜப்பானிய எழுத்துகள் அனைத்தும் ஒரே அகலம் கொண்டவை. ஆங்கில எழுத்துகளோ தமிழின் 'ர'வையும் 'ணை'யையும் போல வெவ்வேறு அகலம் கொண்டவை. ஆகவே, எழுத்துகளைத் திரையில் காட்டும் நிரலையே அவர்கள் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு 1999இல்தான் வந்தது. அதற்கு முன்பே ரசிகர்களின் மொழிபெயர்ப்பு பலரைச் சென்றடைந்துவிட்டது.

இன்னொரு கதையைப் பார்ப்போம். விளம்பர எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஷிகெசாட்டோ இட்டோய் படைத்த 'மதர் 3' என்னும் விளையாட்டு 2006இல் ஜப்பானில் வெளிவந்தது. அமைதியான சிற்றூரில் வாழும் ஒரு குடும்பம் தாயை இழந்து தவிப்பதை அது சொல்கிறது. வெளிநாட்டு ரசிகர்கள் மனுக்களில் கையெழுத்துத் திரட்டியும் பயனில்லை. இறுதியில், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் ரசிகர்கள் சிலர் பொறுப்பேற்றனர். ஊதியம் எதுவுமின்றி ஏறத்தாழ ஈராண்டு உழைத்தனர். 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நிறுவனம் விரும்பினால் தம் மொழிபெயர்ப்பை இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் மாண்டலின் பின்னர் அறிவித்தார். ஆயினும், 2024இல் அவ்விளையாட்டு ஜப்பானில் மீண்டும் வெளியிடப்பட்டபோதும் ஆங்கிலப் பதிப்பு வரவில்லை.

உரிமை யாருக்கு?

ரசிகர்களின் உழைப்பைப் பாராட்டும் வேளையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு படைப்பின் உரிமை அதைப் படைத்தவருக்கும் வெளியிட்டவருக்கும் உரியது. 'மதர் 3' குழுவினர் இதை உணர்ந்திருந்தனர். அவர்கள் விளையாட்டை நகலெடுத்து வழங்கவில்லை. தாங்கள் செய்த மாற்றங்கள் அடங்கிய கோப்பை மட்டுமே வெளியிட்டனர். மூல விளையாட்டை விலை கொடுத்து வாங்குமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டனர். இருப்பினும், அனுமதியின்றி மொழிபெயர்ப்பது சட்டப்படி சரியா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. எல்லா நிறுவனங்களும் பொறுத்துக்கொள்வதும் இல்லை. 'குரோனோ ட்ரிகர்' விளையாட்டின் கதையைத் தொடர்ந்து ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்து ஒரு விளையாட்டை உருவாக்கினர். 2009இல், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் உரிமையாளரான நிறுவனம் சட்டக் கடிதம் அனுப்பியது. உழைப்பு அத்துடன் நின்றது.

கேட்டுப் பெறுவது மற்றொரு வழி. 2011இல் 'ஆப்பரேஷன் ரெயின்ஃபால்' என்ற ரசிகர் இயக்கம் உருவானது. அமெரிக்காவில் வெளியிடப்படாத மூன்று ஜப்பானிய விளையாட்டுகளுக்காக ரசிகர்கள் நிண்டெண்டோவுக்குக் கடிதங்களும் மின்னஞ்சல்களும் எழுதினர். அவற்றுள் ஒன்றான 'செனோபிளேட் கிரோனிக்கல்ஸ்' விளையாட்டை, அது வருமா வராதா என்பது தெரியாத நிலையிலேயே இணையக் கடையில் முன்பதிவு செய்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விளையாட்டுகளும் அமெரிக்காவில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

இந்த ரசிகர்களில் சிலர் மொழிபெயர்த்தனர். சிலர் நிரல் எழுதினர். சிலர் கடிதம் எழுதினர். இன்னும் சிலர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திராமல் அகராதியைக் கையில் எடுத்து ஜப்பானிய மொழியையே கற்கத் தொடங்கினர். தேர்வோ மதிப்பெண்ணோ அவர்களைத் தூண்டவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அறியும் ஆவல்தான் தூண்டியது. ஒரு மொழியில் நல்ல கதை இருந்தால், அதைத் தேடிக் கடல் கடந்தும் வாசகர் வருவார்.

அப்படியானால், நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தமிழ் தெரியாத உங்கள் நண்பர், ஒரு கதைக்காகத் தமிழ் கற்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நீங்கள் எந்தக் கதையைக் கொடுப்பீர்கள்?

சிந்தித்து விடை கூறுக

1. பாகமேற்பு விளையாட்டை விளையாடுவது நாவல் படிப்பதற்கு ஒப்பானது எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. 'டிராகன் குவெஸ்ட்' பற்றிப் பரவிய வதந்தி யாது? உண்மை நிலை என்ன?
3. ஜப்பானிய உரையாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது ஏற்படும் இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக. அதைத் தமிழில் மொழிபெயர்த்தால் அந்த இழப்பு குறையுமா? விளக்குக.
4. 'மதர் 3' ரசிகர்கள் செய்தது சரியா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் கூறுக.