பகிர்ந்து வளர்த்த இதழ்

நுழையும்முன்

பொருட்செல்வம் கொடுக்கக் குறையும்; கல்விச்செல்வம் கொடுக்கக் கொடுக்கப் பெருகும். மென்பொருள் இவ்விரண்டுள் எவ்வகையைச் சேர்ந்தது? இவ்வினா எழுந்த காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய ஓர் இதழின் வரலாறு இது.

வீட்டிற்கு வந்த கணினி

1975 சனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழ் ஆல்டேர் 8800 கணினியை அறிமுகப்படுத்தியது. உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே இணைத்துக்கொள்ளத்தக்க அக்கணினியின் தொடக்க நினைவகம் 256 பைட்டுகளே. பில் கேட்சும் பால் ஆலனும் அதற்கெனப் 'பேசிக்' நிரல்மொழியை உருவாக்கினர். அதனை இயக்க 4 கிலோபைட் நினைவகம் வேண்டும். வாங்கப் பணமும் வேண்டும். எளிய ஆர்வலர்க்கு இரண்டுமே அரியனவாயின.

இதழின் தோற்றம்

கலிஃபோர்னியாவில் இயங்கிய 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' கணினி ஆர்வலர்க்கான செய்தியிதழை நடத்திவந்தது. பாப் ஆல்பிரெக்ட்டின் தூண்டுதலால், 'டைனி பேசிக்' என்னும் சிறுமொழியை உருவாக்கும் முறையை டென்னிஸ் அல்லிசன் அதில் விளக்கினார். அவர் தந்தது வழிமுறையே. நிரலை எழுதும் பணி வாசகர் கையில் விடப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிக் விப்பிள், ஜான் அர்னால்டு என்னும் இருவர் நிரலை எழுதி அனுப்பினர்.

இத்தகைய ஆக்கங்களை வெளியிட, 1976 சனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' பிறந்தது. மூன்று இதழ்களுடன் நிறுத்தவே முதலில் எண்ணினர். வாசகர் வரவேற்பால் அது தொடர்ந்து வெளிவந்தது. ஜிம் வாரன் அதன் முதல் ஆசிரியரானார்.

எழுந்த வாதம்

1976 பிப்ரவரியில் பில் கேட்சு ஆர்வலர்க்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். விலை கொடாமல் படியெடுத்தால், உழைத்து நல்ல மென்பொருள் படைக்க எவர் முன்வருவர் என்பதே அவர்தம் வினா. அவ்வினாவில் நியாயம் இருந்தது. ஜிம் வாரனோ, மென்பொருளை இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ தந்தால் எவரும் அதனைக் களவாட வேண்டியதில்லை என மறுமொழி தந்தார். அவர்தம் இதழே அக்கூற்றுக்குச் சான்றாக நின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் லி சென் வாங் தம் நிரலை அதில் வெளியிட்டார். 2 கிலோபைட்டுக்குள் அடங்கிய அந்நிரலில், பதிப்புரிமை அறிவிப்பைப் பகடி செய்யும் தொடரையும் பொறித்தார்.

2009இல் அச்சிதழ் நின்றது. எனினும், நிரலை அனைவர்க்கும் திறந்துவைத்துப் பலர் கூடிச் செம்மையாக்கும் பண்பு, இன்றைய கட்டற்ற மென்பொருள்களில் வாழ்கிறது.

தெரிந்து தெளிவோம்

டென்னிஸ், பாப் ஆகிய இருவர் பெயர்களின் சேர்க்கையே 'டாப்' என்பது. அப்பெயரில் மருத்துவர் எவரும் இல்லர்!

கற்பவை கற்றபின்

'உழைப்புக்கு ஊதியம் – அறிவுக்குப் பொதுமை' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.