முகம் மறைந்த பசுவும் பாதி நாயும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆற்றோரப் புல்வெளியில் நின்ற ஒரு பசுவைக் கூகுள் நிறுவனத்தின் தெருப்பட வண்டி படம் பிடித்தது. 2016ஆம் ஆண்டு அப்படத்தைக் கண்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் தெரியுமா? பசுவின் முகத்தை மட்டும் கணிப்பொறி மங்கலாக்கியிருந்தது! வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அஞ்சிய பசு போலும்.

இந்தத் தெருப்படங்கள் 2007 மே மாதம் அமெரிக்காவின் 5 நகரங்களில் தொடங்கின. நம் நாட்டில் 2011இல் பெங்களூரில் தொடங்கிய வேலையைக் காவல்துறை நிறுத்திவிட்டது. பிறகு 2022 ஜூலையில்தான் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களின் படங்கள் வெளிவந்தன.

வழியில் போவோர் அனுமதி கேட்டா படம் எடுக்கிறார்கள்? இல்லை. ஆகவே முகங்களைக் கணிப்பொறியே தேடி மறைக்கிறது. இதில் இரண்டு வகைப் பிழை நேரலாம். மனித முகத்தைத் தவறவிடுவது ஒன்று. முகமல்லாததை முகம் என்று கொள்வது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். முதல் பிழையால் ஒரு மனிதருக்குத் தொல்லை. இரண்டாவதால் பசுவுக்கு என்ன நட்டம்? எனவே சந்தேகம் வந்தால் மறைத்துவிடு என்பதே ஏற்பாடு. அப்படியும், 2009இல் அந்நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, 100 முகங்களில் சுமார் 89 முகங்களே மறைந்தன. அதே ஆண்டு, கோழிவறுவல் கடைப் பலகையில் இருந்த தாத்தாவின் முகமும் மறைந்துபோயிற்று! ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் மரச் சிற்பங்களைக் கண்டால் கணிப்பொறி என்ன செய்யுமோ?

இனி வேறொரு வேடிக்கை. வண்டியின் மேல் பல காமிராக்கள் சுற்றிலும் நோக்கியிருக்கும். அவற்றின் படங்களைக் கணிப்பொறி ஒட்டி ஒரே படமாக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தபடி கட்டைவிரலை நீட்டுங்கள். கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். கோபுரத்தின் முன்னே விரல் இடமும் வலமுமாகத் தாவும். இரு கண்களும் வேறுவேறு இடத்தில் இருப்பதே காரணம். காமிராக்களும் அப்படியே. தொலைவிலுள்ள கோபுரம் சரியாக ஒட்டும். அருகிலுள்ள மின்கம்பம் உடைந்து தெரியும்.

ஓடும் பொருளானால் நேரமும் சேர்ந்து குழப்பும். இராசபாளையம் வேட்டைநாய் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 10 மீட்டர். அடுத்தடுத்த இரு காமிராக்கள் 1/20 விநாடி முன்பின்னாகப் படம் எடுத்தால், அதற்குள் நாய் அரை மீட்டர் நகர்ந்துவிடும். ஒட்டிய படத்தில் நாய்க்கு இடுப்பே இல்லாமல் போகலாம். அல்லது ஆறு கால் முளைக்கலாம்!

2013 ஜனவரியில் நடந்தது சிரிக்கும் செய்தி அன்று. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டு மண்சாலைப் படங்களைப் பார்த்தவர்கள், நின்றிருந்த கழுதை ஒன்று அடுத்துத் தரையில் கிடப்பதைக் கண்டு, வண்டி அதை மோதிக் கொன்றுவிட்டது என்று கொதித்தார்கள். கொலைப் பழியல்லவா! படங்கள் பொய்யில்லை, பார்த்த வரிசைதான் தலைகீழ். எடுத்த வரிசையில் வைத்தபோது, கழுதை முதலில் புழுதியில் படுத்திருந்தது. வண்டி நெருங்கவும் எழுந்து ஒதுங்கிக்கொண்டது. அது எழுந்து நிற்பதே பிந்தைய படம்.