ஒரு பதிவு, பல தளங்கள்: மாற்ற வேண்டியதும் மாறக்கூடாததும்



எமது ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் அச்செய்தி எத்தனை உருவங்களில் வெளிவருகின்றது என்பதைக் கவனித்திருப்பீர்கள். வானொலியில் அது ஒரு சில வரிகள். பத்திரிகையில் உறவினர் பெயர்கள் அடங்கிய நீண்ட அறிவித்தல். சந்தியில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலியில் படம் பெரிது, எழுத்துக் குறைவு. 31ஆம் நாள் நினைவு மலரிலோ அன்னாரின் வாழ்க்கை வரலாறே இடம்பெறுகின்றது. செய்தி ஒன்று, உருவம் நான்கு. ஆயினும் எந்த உருவத்திலும் பெயரும் நாளும் ஊரும் மாறுவதில்லை. மாறினால் வீட்டார் பொறுக்கமாட்டார்கள்.

இன்று எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செய்வதும் இதே வேலைதான். யூடியூப்பிற்கென எடுத்த வீடியோவை முகநூலில் இடுகிறார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி டிக்டொக்கில் போடுகிறார்கள். பின்னர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இதில் தவறில்லை. ஒருமுறை உழைத்து ஆக்கியதைப் பலமுறை பயன்படுத்துவது சிக்கனமே. ஒரே வீட்டில் அம்மம்மா வாட்ஸ்அப்பிலும், தாய் தகப்பன் முகநூலிலும், பிள்ளைகள் டிக்டொக்கிலும் இருக்கையில், ஓரிடத்தில் சொன்னது எல்லாரையும் எட்டாது. ஆனால் இதற்கு ஒரு விதி உண்டு: உருவத்தை இடத்துக்கேற்ப மாற்றுங்கள், உண்மையை எங்கும் மாற்றாதீர்கள்.

1. மூலத்தைப் பேணுங்கள்

இல்லத்தரசி ஒருவர் ஒடியற்கூழ் காய்ச்சும் முறையைப் பத்து நிமிட வீடியோவாக எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். எழுத்தோ இசையோ சேர்க்காத அந்த மூலப்பதிவை முதலில் பத்திரப்படுத்த வேண்டும். பலர் டிக்டொக்கில் இட்டதைத் திரும்ப இறக்கி, இன்ஸ்டகிராமில் ஏற்றுகின்றனர். அப்போது டிக்டொக்கின் முத்திரையும் கூடவே வருகின்றது. பிற தளத்து முத்திரை வெளிப்படையாகத் தெரியும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக இன்ஸ்டகிராம் 2021இல் அறிவித்தது. அன்றியும், ஏற்றப்படும் படத்தைத் தளங்கள் சுருக்குகின்றன. போட்டோக் கொப்பியிலிருந்து மீண்டும் போட்டோக் கொப்பி எடுத்தால் எழுத்து மங்குவதுபோல, ஏற்றி இறக்க இறக்கப் படமும் மங்கும். ஆகவே எத்தளத்துக்கானாலும் மூலத்திலிருந்தே வெட்டி எடுங்கள்.

2. இடமறிந்து வெட்டுங்கள்

யூடியூப்பிற்குப் பலர் தேடி வருகிறார்கள். ஆறுதலாக இருந்து பார்ப்பார்கள். அங்கே பத்து நிமிடமும் இருக்கலாம். தேடுபவர் எழுதக்கூடிய "ஒடியற்கூழ் செய்முறை" என்ற சொற்களே தலைப்பில் இருக்கட்டும்.

டிக்டொக், ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ் ஆகியவற்றுக்கு நிமிர்ந்த படம் பொருத்தமானது: அகலம் 9 பங்கு, உயரம் 16 பங்கு. கிடையாக எடுத்த படத்தின் இரு பக்கமும் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானது நடுவில் அமையும்படி முன்கூட்டியே எடுங்கள். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து 3 நிமிடம்வரை இடமளிக்கின்றது. ஆனாலும் ஒரு வீடியோவில் ஒரு விடயத்தைச் சொன்னாலே போதும். பஸ்ஸில் ஓசையை நிறுத்திப் பார்ப்பவர்களுக்காகப் பேச்சைத் தமிழில் எழுத்தாகவும் இடுங்கள். முகநூலில் நான்கைந்து படங்களுடன் சாமான்களின் அளவை எழுதலாம். வாட்ஸ்அப் ஸ்டேற்றஸ் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். அங்கு ஒரு படமும் ஒரு வரியும் போதும்.

இனி, ஒரு நிமிடத்துக்குள் சுருக்கும்போது எதை விடலாம்? மீன் வெட்டுவதை விடலாம். நண்டு கழுவுவதையும் விடலாம். ஆனால் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துக் கசப்பை நீக்கும் கட்டத்தை விடலாமா? வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளை அந்தத் துண்டை நம்பி மாவை அப்படியே கரைத்தால், கூழை வாயில் வைக்க முடியாது. சுருக்குதல் என்பது நீளத்தைக் குறைப்பது, உயிர்நாடியை அறுப்பதன்று.

3. திகதியும் இடமும் கூடவே செல்லட்டும்

கூழ் கசந்தால் ஊற்றிவிடலாம். ஊற்றிவிட முடியாத பிழைகளும் உண்டு. "அவசரமாக இரத்தம் தேவை" என ஒரு குடும்பம் முகநூலில் எழுதுகின்றது. முகநூல் அப்பதிவின் திகதியைத் தானே காட்டும். இரக்கமுள்ள ஒருவர் எழுத்தை மட்டும் பிரதி செய்து வாட்ஸ்அப்பில் இடுகிறார். திகதி அங்கேயே நின்றுவிடுகின்றது. எழுத்து மட்டும் ஊர் ஊராகப் போகின்றது. ஆறு மாதம் கழித்தும் அவ்வீட்டுத் தொலைபேசி ஒலிக்கின்றது. நோயாளி இறந்துபோயிருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? அனுப்பியவர் எவரும் தீங்கு நினைக்கவில்லை. நான்கு எழுத்துத் திகதியைச் சேர்க்கவில்லை, அவ்வளவே.

வாட்ஸ்அப் 2018இல் பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்திக்கு அடையாளமிட்டது. 2019இல் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்புவதைத் தடுத்தது. 2020இல் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரு உரையாடலுக்கு மட்டும் என மட்டுப்படுத்தியது. இத்தடைகள் வேகத்தைக் குறைக்கும். விடுபட்ட திகதியை எழுதித்தரமாட்டா. அதனை நாமே எழுத வேண்டும்: எந்த நாள், எந்த ஊர், எந்நாள்வரை தேவை. தேவை முடிந்ததும் முதலிட்ட இடத்தில் "முடிந்தது" எனக் குறிப்பிட வேண்டும்.

4. பிறருடையதைக் கேட்டு எடுங்கள்

மேற்சொன்னவை யாவும் நாம் ஆக்கியவற்றுக்கே. இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்தன்று. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் வாழ்நாளிலும் பொதுவாக அதன் பின்னர் 70 ஆண்டுகளும் அவரது உரிமையைக் காக்கின்றது. பகிரும் பொத்தானை அழுத்தினால் ஆக்கியவர் பெயர் கூடவே செல்லும்; இறக்கித் தம் பெயரில் ஏற்றினால் அப்பெயர் அழிந்துபோகும்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் அம்மம்மாவின் படத்தை மகள் குடும்பக் குழுவில் இட்டது, இனத்தவர் அறிவதற்காக. அதை எடுத்து முகநூலில் போடும் மருமகன் புதிதாக எதையும் ஆக்கவில்லை. இடத்தை மட்டுமே மாற்றினான். ஆனால் அந்த மாற்றத்தாலேயே ஒரு முதியவளின் மானம் ஊரார் பார்வைக்கு வந்துவிடுகின்றது. ஓரிடத்துக்குத் தந்த சம்மதம் மற்றோர் இடத்துக்குச் சம்மதமாகாது.

இவ்வாரப் பயிற்சி

பிள்ளைகளோடு இருந்து உங்கள் வீட்டுப் பழைய வீடியோ ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதை மூன்று தளங்களுக்கு மூன்று விதமாக வெட்டிப் பாருங்கள். அனுப்புமுன், மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் அத்துண்டுகளைக் காட்டி, "இது எங்கே, எப்போது, யார் எடுத்தது, என்ன சொல்கிறது?" எனக் கேளுங்கள். நான்குக்கும் சரியான விடை வந்தால் தாராளமாக அனுப்பலாம். ஒன்றுக்கேனும் விடை வராவிட்டால், அதை எழுதிச் சேர்த்த பின்னரே அனுப்புங்கள்.