ஐந்து விரலும் விரித்து

உத்திரமேரூர்,
மார்கழி 20

அன்புப் பேத்திக்கு,

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது கூடப் படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் கூட்டி வருவதாக எழுதியிருந்தாய். படித்த அன்றே பாட்டி அரிசிக்கும் உளுந்துக்கும் கணக்குப் போட்டுவிட்டாள். எல்லாரும் தாராளமாக வரட்டும்.

இத்தாலியில் வெனிஸ், பிளாரன்ஸ் மாதிரிப் பழைய நகரங்களில் ஒரு வழிகாட்டி முன்னால் நடக்க, இரண்டு மணி நேரத்தில் ஊரையே காட்டிவிடுகிறார்கள் என்று உங்கள் பேராசிரியர் சொன்னாராம். நம் ஊரையும் அப்படிக் காட்ட முடியுமா, என்ன சொல்ல வேண்டும், எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். முடியும் கண்ணு. நம் ஊரும் நடந்தே பார்க்கிற அளவுள்ள ஊர்தான். ஆனால் எந்த வழியாக நடப்பது என்பதைவிட, நின்ற இடத்தில் எதைச் சொல்வது என்பதுதான் கடினம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடத்தில் ஓலை இட்டு ஆள் எடுத்த முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற நம் கோயிலுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் என்று பெயர். காஞ்சிபுரத்திலும் அதே பெயரில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது. அது இரண்டாம் நந்திவர்மன் கட்டிய பரமேச்சுர விண்ணகரம். தனியாக வருகிற பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. காஞ்சியில் இறங்கி, குடவோலைக் கல்வெட்டு எங்கே என்று தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேராகக் கல்வெட்டுக்குக் கூட்டிப் போகாதே. காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் தொடங்கு. வயிரமேக தடாகம் என்பது அதன் பழைய பெயர். வயிரமேகன் என்பது பல்லவ அரசன் தந்திவர்மனுடைய பட்டப்பெயர். அவன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷமாக இந்த ஏரி தண்ணீர் தந்துகொண்டிருக்கிறது. கரைமேல் நிற்க வைத்து, ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் வயலையும் காட்டு. மதகு எது, கலங்கல் எது என்று சொல்லிக்கொடு. மதகைத் திறந்தால் வயலுக்குப் போகும். ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வெளியேறும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால்தான், பிறகு கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ என்று வரும்போது அது என்ன வேலை என்று புரியும். ஏரியைத் தூர்வாரச் சொல்லி அந்தக் காலத்தில் கொடுத்த கொடைகளும் கல்லில் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீரைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கைத்தான் கடைசியாகச் சுவரில் படிக்கப் போகிறார்கள்.

அங்கிருந்து சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். இதுவும் பல்லவர் காலத்தது. விமானம் மூன்று தளம்: கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். கீழ்த்தளத்தில் சுந்தர வரதரோடு அச்சுத வரதர், அநிருத்த வரதர், கல்யாண வரதர் என்று திசைக்கு ஒருவராக நால்வர் இருக்கிறார்கள். இங்கே அதிகம் பேசாதே. சேவிக்கிறவர்கள் சேவிக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஒன்று மட்டும் சொல். வைகானச ஆகமத்தில் மரீசி எழுதிய நூலோடு இந்த விமானத்தை ஒப்பிட்டுப் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு மொழியில் வந்தது. நம் ஊரை இவ்வளவு அக்கறையோடு படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளின் கண் தானாகக் கூர்மையாகும். பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு நேரமிருந்தால் போ. அருணகிரிநாதர் பாடிய தலம் அது.

எட்டரை மணிக்குள் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வந்துவிடு. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பிரமிப்பு ஒன்றும் வராது. ‘இவ்வளவுதானா?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் கோபப்படாதே. இது ஊர்ச்சபை கூடிய மண்டபம். அதன் பெருமையெல்லாம் சுவரில்தான் இருக்கிறது.

ஒரு டார்ச் லைட் எடுத்துப் போ. வெளிச்சத்தை எழுத்துக்கு நேரே அடிக்காதே. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடி. அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்ததெல்லாம் நிழல் விழுந்து எழுத்தாக எழுந்து நிற்கும். தமிழும் கிரந்தமும் கலந்து வரும். ‘க’வையும் ‘ட’வையும் யாராவது ஒரு பிள்ளை தானாகவே அடையாளம் கண்டுபிடிக்கும் வரை காத்திரு, நீ முந்திக்கொள்ளாதே. சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தின்மேல் தேய்க்க விடாதே. கல்வெட்டுத் துறைக்காரர்கள் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். அதற்கு மைப்படி என்று பெயர். அவர்களுக்குக்கூட முதல் வேலை எழுத்துக்குச் சேதம் வராமல் பார்ப்பதுதான்.

இனி கல் சொல்வதைக் கேள். சோழ அரசன் முதலாம் பராந்தகனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல், சபை ஓர் ஏற்பாடு செய்தது. இரண்டே வருஷத்தில், 921-இல், அதைத் திருத்தி எழுதியது. வாரியத்துக்கு நிற்பவருக்கு முதலில் 30 வயதுக்கு மேல் 60-க்குள் என்று இருந்ததை 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றினார்கள். தாங்கள் போட்ட விதியில் குறை கண்டபோது அதை ஒத்துக்கொண்டு, பழையதையும் அழிக்காமல், புதியதையும் கல்லிலேயே வெட்டினார்கள். என் மனசுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி. நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முந்தின மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் முடியாது. ஒவ்வொரு குடும்பிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்கும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான்.

இந்த இடத்தில் நிதானமாகச் சொல். மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் தெரியுமா? விரல் மூடினால் உள்ளே வேறு ஓலை ஒளிந்திருக்கலாம். அவன் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். ஒருவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிவிடுவதில்லை. அதன் பிறகுதான் பெயர் எழுதப்படும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். காலையில் பார்த்த ஏரியை இப்போது நினைவுபடுத்து.

உன் பேராசிரியருக்குப் பிடிக்கிற ஒரு செய்தியும் சொல்கிறேன். வெனிஸ் குடியரசில் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். பெருஞ்சபையிலிருந்து முதலில் 30 பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். அங்கேயும் குலுக்கல் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தது ஒரு சிறுவன். அந்த உருண்டைக்கு இத்தாலிய மொழியில் ‘பலோத்தா’ என்று பெயர். ஆங்கிலத்தில் வாக்குச்சீட்டைக் குறிக்கும் ‘பாலட்’ அதிலிருந்து வந்ததுதான். குடியரசு விழுந்த 1797 வரை அந்த முறை அங்கே இருந்தது. இங்கேயும் அங்கேயும் பெரியவர்கள் தங்கள் கையைத் தாங்களே நம்பாமல் ஒரு சிறுவனின் கையை நம்பியிருக்கிறார்கள். நம்மைப் பார்த்துத்தான் அவர்கள் செய்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதற்கு ஆதாரம் இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை.

இப்போது நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முப்பது வயது இருக்கும்போது, வெளியூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு இதே மண்டபத்தில் நின்று விளக்கம் சொன்னேன். ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊர் மக்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள்’ என்று குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் தலையில் கூடையோடு நின்று கேட்ட ஓர் அம்மா, வயல் வேலைக்குப் போகிறவர், என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: “வாத்தியாரே, அந்தக் குடத்துல எங்க ஆளுங்க பேரும் இருந்துச்சா?”

எனக்கு வாய் எழவில்லை. இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஊர் உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். சபை அவர்களுடைய சபை. நிலம் உழுதவர், ஏரி வெட்டியவர், கல் சுமந்தவர் யாருடைய பெயரும் அந்தக் குடத்தில் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. எல்லாம் தெரிந்திருந்தும் கைதட்டலுக்காக அதை விரலுக்குள் மறைத்துவிட்டேன். அந்த அம்மா பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை, கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் அதற்குப் பிறகு வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன்.

அதனால் நீ இதை மறைக்காதே. யாராவது கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நீயே சொல்லிவிடு. சொன்னால் கல்லின் பெருமை குறைந்துவிடும் என்று பயப்படாதே. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்ற விதி நல்ல விதிதான். அதை எழுதியவர்கள் பாதிக்கு மேற்பட்ட ஊரை வெளியே நிறுத்தியதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இன்றைக்கு நாம் நிற்கிற இடத்தின் அருமை தெரியும். 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிகளில் பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தாருக்கும் இடம் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் 2016-இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமாயிற்று. அந்த அம்மாவின் பேத்தி இன்றைக்குத் தலைவர் நாற்காலியிலேயே உட்காரலாம். மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல். அரசியல் பேச்சாக இருக்காது, கல்வெட்டின் தொடர்ச்சியாகவே இருக்கும்.

உனக்குத் தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல். பிறகு உண்மையிலேயே பார்த்துச் சொல். நீலகண்ட சாஸ்திரி 1932-இல் எழுதிய சோழர் ஆட்சிமுறை ஆய்வு என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது; அதற்கும் முன்பே வெங்கையா இந்தக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை அறிக்கையில் வெளியிட்டிருக்கிறார். விடுமுறைக்கு வந்ததும் இரண்டையும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். உனக்குப் பிறகு உன்னோடு வருகிறவர்களும் அந்தச் சுவரை ஒரு தடவை வாசிக்கட்டும். ஒரு வரியானாலும் அவர்களே வாசிக்க வேண்டும். நீ மத்தியஸ்தன். ஓலையில் உள்ளதைச் சொல்வது உன் வேலை. சொன்னது சரியா என்று அவர்களும் பார்த்துக்கொள்ளும்படி கையை விரித்தே வைத்திரு.

பத்தரைக்குள் முடித்துவிடு. அதற்கு மேல் செருப்பில்லாத காலுக்குக் கல் சுடும். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், குப்பை ஒன்றுகூட அங்கே விழக்கூடாது. மண்டபத்துக் காவலருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போ, நன்றி சொல்லிவிட்டு வெளியே வா. வீட்டில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் காத்திருக்கும்.

நானும் கூட வருவேன். ஆனால் பேச மாட்டேன். கூட்டத்தின் ஓரத்தில், அந்த அம்மா நின்ற இடத்தில் நின்று, நீ சொல்வதைக் கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
தாத்தா